சொரிமுத்து லுவாரி பேசிய வருஷம்

பூவாணிப்பேரி எலுமிச்சை மண்டியில் ஏலம் கூறுகிற சொரிமுத்து, ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் காலிச் சாக்குகளின் மேல் சாய்ந்து கண் அசந்து எழுந்தபோது, அவர் வாயில் தமிழ் இல்லை, அது இருந்த இடத்தில் வேறொரு பாஷை வந்து உட்கார்ந்திருந்தது. காய்ச்சல் கிடையாது, வாய் கோணவில்லை, கையும் காலும் சொன்னபடி கேட்டன. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தார். ஆனால் யார் என்ன கேட்டாலும் அவருக்கு விளங்கவில்லை, அவர் சொன்னது யாருக்கும் விளங்கவில்லை. மண்டியில் நின்று விலை கூறினால் பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் கிழிக்கிற கண்டக்டருக்குக் கேட்கும் என்று பேரெடுத்த குரல் அது. அந்தக் குரல் அப்படியே இருந்தது, சொற்கள்தான் மாறிப்போயிருந்தன.

ஊர் தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தது. புனலூரிலிருந்து லோடு ஏற்ற வந்த டிரைவர் காது கொடுத்துக் கேட்டுவிட்டு மலையாளம் இல்லை என்றார். பானிபூரி விற்கிற பையன் இந்தி இல்லை என்றான். பட்டாளத்தில் இருந்து வந்த ஒருவர், வடகிழக்கில் இருந்தபோது கேட்ட பாஷைகளையெல்லாம் நினைவுக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டார். தென்காசியில் ஸ்கேன் எடுத்த டாக்டர் மண்டைக்குள் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். கோடாங்கி உடுக்கை அடித்துப் பார்த்து, இது பேயும் இல்லை, பேயாக இருந்தால் நம் ஊர்ப் பேய் தமிழில்தானே பேசும் என்று சொல்லி, தட்சணை வாங்காமலே போய்விட்டார். அதன் பிறகு ஊர், ரோட்டை வெட்டிப் போட்டால் சுற்றிப் போகப் பழகிக்கொள்கிற மாதிரி, சொரிமுத்துவோடு கையாலும் கண்ணாலும் பேசப் பழகிக்கொண்டது.

அந்தப் பாஷை எதுவென்று தெரிந்த ஆள் பூவாணிப்பேரியில் ஒருத்திதான். பெண்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் உலகம்மாள். அவள் அதுவரை அவர் பேசிக் கேட்டிருக்கவில்லை. மண்டியில் ஒருவருக்குப் பேச்சு மாறிவிட்டது என்று டீச்சர்கள் ஓய்வறையில் சொன்னபோது, பாவம் என்று சொல்லிவிட்டு விடைத்தாளைத் திருத்தப் போய்விட்டாள்.

உலகம்மாளுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டு, வீட்டின் பின்னறையில் வேப்பிலைக்கு நடுவில் தனியாகப் படுக்க வைத்தபோது, பேச ஆளில்லாமல் அவளே உண்டாக்கிக்கொண்ட பாஷை லுவாரி. அம்மை இறங்கிய பிறகும் லுவாரி இறங்கவில்லை. காலேஜில் படிக்கும்போதும், வேலைக்குச் சேர்ந்த பிறகும், பார்த்துப் பேசிய மாப்பிள்ளை வீடுகள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போன போதும், அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச்சேர்ந்து வீட்டில் அவள் ஒருத்தியே என்று ஆன பிறகும், அவள் மனசுக்குள் அது வளர்ந்துகொண்டே இருந்தது. அதில் நீ, நீர், நீங்கள் என்ற பாகுபாடு கிடையாது. எல்லாருக்கும் ஒரே சொல், ‘ஸா’. அம்மை போட்ட அறையில் மரியாதை கொடுக்கவோ குறைக்கவோ யார் இருந்தார்கள்? வினைச்சொல் ஒவ்வொன்றுக்கும் மூன்று வால் உண்டு: சொல்கிற விஷயத்தைக் கண்ணால் பார்த்திருந்தால் ஒன்று, காதால் கேட்டிருந்தால் ஒன்று, மனசு நம்பினால் ஒன்று. எண்களோ விரல்களை எண்ணுகிறவை அல்ல, விரல்களுக்கு நடுவில் இருக்கிற சந்துகளை எண்ணுகிறவை. ஆகையால் அங்கே எட்டிலேயே கணக்கு ஒரு சுற்று முடிந்துவிடும்.

லுவாரிக்கென்று அவள் ஒரு இணையப் பக்கம் வைத்திருந்தாள். அதைக் கட்டுவதில் அவளுக்கென்று சில பழக்கங்கள் இருந்தன. சனிக்கிழமை துணி துவைத்துக் காயப் போட்டுவிட்டுத்தான் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள். நோட்பேடைத் திறந்து ஒவ்வொரு குறியையும் தன் கையாலேயே அடிப்பாள். ரெடிமேடாகக் கிடைக்கிற அலங்காரம் எதையும் தொடமாட்டாள். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம். மேலே சொல், கீழே பொருள், அதற்குக் கீழே அந்தச் சொல் வருகிற வாக்கியங்கள், அடியில் கடைசியாகத் திருத்திய தேதி, அவ்வளவுதான். புதுச் சொல் ஒன்று தோன்றினால் உடனே ஏற்றிவிட மாட்டாள். ஒரு வாரம் அதோடு குடித்தனம் நடத்துவாள், குழம்பு கொதிக்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் மனசுக்குள் சொல்லிப் பார்ப்பாள், அந்த வாரம் தாங்கினால்தான் பக்கத்துக்கு வரும். தப்பான சொல்லை அழிக்கமாட்டாள், நடுவில் ஒரு கோடு போட்டுச் சரியானதைப் பக்கத்தில் எழுதிவைப்பாள், வந்த வழி தெரிய வேண்டும் என்பாள், அதையும் தனக்குத்தானே. எல்லாம் ஏற்றி முடித்து மொட்டை மாடிக்குப் போய், சிக்னல் ஒற்றைக் கோடாக இறங்கிவிடுகிற தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் நின்று, தன் பழைய போனில் பக்கத்தைத் திறந்து பார்ப்பாள். ஒரு மூச்சு விட்டு எடுப்பதற்குள் திறக்காவிட்டால் கீழே வந்து எதையாவது குறைப்பாள். படிக்க வருகிறவர் யாராக இருந்தாலும் காத்திருக்க வைக்கக் கூடாது என்பது அவளுடைய எண்ணம். படிக்க யாரும் வந்ததில்லை. அதனால் அந்த எண்ணம் மாறியதுமில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில், பஸ் ஸ்டாண்டுக் குழாயடியில் சொரிமுத்து காலிக் குழாயைத் திருகிக்கொண்டே, “ஓலு நிவி?” என்றார்.

தண்ணீர் எங்கே என்று அர்த்தம்.

உலகம்மாள் நடந்த கால் நின்றது. அந்த இரண்டு சொல்லும் அவள் உண்டாக்கியவை, அவள் வாயைத் தாண்டி இதுவரை வெளியே வராதவை. அவள் கையில் இருந்த பாட்டிலை நீட்டி, அதுவரை சத்தம் போட்டுப் பேசியே அறியாத பாஷையில், இதோ தண்ணீர், குடியுங்கள் என்றாள். தன் குரலே அவளுக்குப் புதிதாக இருந்தது. சொரிமுத்து பாட்டிலை வாங்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, இவ்வளவு பெரிய ஊரில் ஸாவுக்கு மட்டும் எப்படிக் காது கேட்கிறது என்று கேட்டார். கேட்கும்போதே கண் கலங்கிவிட்டது. உலகம்மாளுக்கும் கலங்கியது. வாழ்நாள் முழுக்க அவள் லுவாரியில் சொன்ன எதற்கும், அன்றைக்குத்தான் முதல்முறையாக மறுசொல் வந்திருந்தது.

அன்று முழுக்க அவள் வகுப்பில் போட்ட கணக்கெல்லாம் தப்பாக வந்தது. வெளியே சொன்னால் ஊர் என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரியும். கல்யாணம் ஆகாத, தனியாக இருக்கிற பொம்பளை, யாருக்கும் தெரியாமல் கம்ப்யூட்டரில் எதையோ எழுதி வைத்திருக்கிறாள், அது ஒரு ஆம்பளையின் நாக்கில் போய் ஏறியிருக்கிறது. இதற்குச் செய்வினை என்று பேர் வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆனாலும் குழாயடியில் கண்ட முகம் அவளைச் சும்மா இருக்க விடவில்லை. மறுநாள் துணியை நனைக்காமலே சொரிமுத்து வீட்டுக்குப் போய், அவர் மனைவி ஆவுடைத்தாயிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள்.

ஆவுடைத்தாய் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள். அந்த வீட்டு விஷயம் ஊருக்கே தெரியும். சொரிமுத்து ஒரு கல்யாண வீட்டில், நாலு பேர் முன்னால், செத்துப்போன மாமனாரை இழுத்து ஒரு சொல் சொல்லிவிட்டார். அன்றோடு ஆவுடைத்தாய் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சமைப்பாள், துவைப்பாள், காய்ச்சல் என்றால் கஞ்சி வைப்பாள். ஆனால் சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துத்தான் சொல்லுவாள். அவரும் வீம்புக்குச் சுவருக்கே பதில் சொல்லுவார். மகள் செண்பகவல்லி அந்தச் சுவர்ப் பேச்சுக்கு நடுவில்தான் வளர்ந்தாள், வளர்ந்து திருப்பூருக்கு வாக்கப்பட்டும் போய்விட்டாள்.

உலகம்மாள் சொல்லி முடித்ததும் ஆவுடைத்தாய் உருவிய கீரையை ஓரமாக ஒதுக்கி வைத்தாள். பிறகு, “டீச்சர், அந்தப் பாஷையில வைய முடியுமா?” என்று கேட்டாள்.

“இல்ல மதினி. வசவு ஒண்ணுகூட இன்னும் உண்டாக்கல.”

“இனிமேயும் உண்டாக்காத” என்றாள் ஆவுடைத்தாய். கையைத் துடைத்துக்கொண்டு, “எனக்குப் படிச்சுக் குடு” என்றாள்.

அவளுடைய போனில், கிராக் விழுந்த கண்ணாடிக்குள், அடுப்படி மூலையில் இருந்த ஒற்றைக் கோடு சிக்னலில் பக்கம் பொசுக்கென்று திறந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த யாருக்கும் அது போதுமானதாக இருந்தது. ஆவுடைத்தாய் படித்ததைப் பக்கத்து வீட்டுக்காரி படித்தாள், அவள் படித்ததை மண்டியில் காய் தரம் பிரிக்கிற பெண்கள் படித்தார்கள், அவர்களிடமிருந்து மண்டி முழுக்கப் போயிற்று. மண்டி முதலாளி குத்தாலிங்கம், ஏலம் கூற வேறு ஆள் வைத்துப் பார்த்துச் சலித்துப் போயிருந்தவர், எண்களை மட்டும் ஒரு அட்டையில் எழுதித் தூணில் ஒட்டச் சொன்னார். விரல் சந்துக் கணக்கு வியாபாரிகளுக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது, இலக்கத்தை மனசில் புரட்டுவது அவர்களுக்குப் பிறவித் தொழில். ஐப்பசி பிறக்கிறபோது சொரிமுத்து பழைய இடத்தில் பழைய குரலோடு நின்று லுவாரியில் ஏலம் கூறினார், புனலூர் டிரைவர்கூட லுவாரியில் கேட்டு லுவாரியில் காய் எடுத்தார்.

ஊருக்கு அது ஒரு அதிசயமாகவே தெரியவில்லை, ஒரு சௌகரியமாகத் தெரிந்தது. புருஷனிடம் நேருக்கு நேர் கேட்கக் கூசுகிறதை லுவாரியில் கேட்டார்கள் புதுப்பெண்கள். டீக்கடையில் ஒருவர் அடுத்த வீட்டுக் கதையை எடுத்தால், வினைச்சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டு, பார்த்ததா, கேட்டதா, சும்மா நம்புவதா என்று மற்றவர்கள் கேட்கத் தொடங்கியதில், பாதிக் கதை பாதியிலேயே நின்றது. அம்மன் கோயில் பூசாரி மட்டும், தாயிடம் ஸா என்று பேசலாமா என்று கொஞ்ச நாள் குழம்பினார். பிறகு, பெற்றவளிடம் யார் நீங்கள் போட்டுப் பேசுகிறார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அந்த ஐப்பசியில் மழை பெய்யவில்லை. எலுமிச்சைப் பூவெல்லாம் பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்தது. தோட்டக்காரர்களுக்கு வயிறு எரிகிறபோது யார்மேலாவது கை நீள வேண்டுமே, ஊருக்குள் வேற்றுப் பாஷை புகுந்ததால்தான் மழை போயிற்று என்று அது உலகம்மாள்மேல் நீண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குத்தாலிங்கம் நாலைந்து பேரோடு அவள் வீட்டு வாசலுக்கு வந்தார். அவர் அதட்டவில்லை, அதனால்தான் அவளுக்கு அதிகம் பயமாக இருந்தது. நின்றபடியே, தன்மையாக, “டீச்சர், அந்தப் பக்கத்த அழிச்சிருங்க. பாஷைக்கு இருக்க எடம் இல்லன்னு ஆயிட்டா, அது அவர விட்டு எறங்கிரும்லா. ஒரு மனுசனுக்குத் தாய்ப்பாஷை திரும்பக் கெடைக்கட்டும்” என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு எழுத்துப் பிழையைக்கூட அழிக்காமல் கோடு போட்டு வைக்கிறவள் அவள். ஆனால் தான் தனிமைக்குக் கட்டிக்கொண்ட வீடு இன்னொருவர் நாக்கின் மேல் நின்றால், அதை இடிக்க வேண்டியது தான்தானே என்று அவளுக்குத் தோன்றியது. அழித்தால் தனக்கு என்ன மிஞ்சும் என்றும் தோன்றியது. சொரிமுத்துவைக் கேட்டுவிட்டு அழிக்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர்களோடேயே நடந்தாள். ஆண்கள் வாசலில் நின்றுகொண்டார்கள், அவள் மட்டும் உள்ளே போனாள்.

சொரிமுத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆவுடைத்தாய் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லுவாரி நன்றாகப் படித்த பிறகும் அவள் அதுவரை அவரிடம் அதில் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அவர் ஊரோடு பேசுவதைக் காதில் வாங்கிக்கொள்வாள், அவ்வளவுதான். உலகம்மாள் விஷயத்தைச் சொல்லி, இந்தப் பாஷையை அழித்துவிடட்டுமா, ஸாவுக்குத் தமிழ் திரும்ப வரக்கூடும், வராமலும் போகலாம் என்று கேட்டாள்.

சொரிமுத்து நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகப் பேசினார். தமிழில் எனக்குச் சொல் தானாக வரும், வந்து வெளியே விழுந்த பிறகுதான் அது எவர்மேல் விழுந்தது என்று பார்ப்பேன் என்றார். இதில் ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது, தேடுகிற நேரத்தில் எதிரில் இருக்கிறவர் முகம் கண்ணில் படுகிறது என்றார். அப்படிச் சொல்லிவிட்டு நிலைப்படியின் பக்கம் திரும்பி, சுவரை அல்ல, ஆவுடைத்தாயையே பார்த்து, “ஸா மாவுலெ” என்றார்.

ஆவுடைத்தாய் உலகம்மாளைப் பார்த்தாள். உலகம்மாள் விழித்தாள். மாவுலெ என்று ஒரு சொல்லை அவள் உண்டாக்கவில்லை, எந்தப் பக்கத்திலும் போடவில்லை. அதற்கு என்ன பொருள் என்று, தன் பாஷையில் ஒரு சொல்லுக்கு, வாழ்க்கையில் முதல் தடவையாக இன்னொருவரிடம் அர்த்தம் கேட்டாள்.

சொரிமுத்து விளக்கினார். மண்டியில் கத்தித் தொண்டை கட்டி வருகிற ஒவ்வொரு நாளும் ஜன்னல் திட்டில் பனங்கற்கண்டும் மிளகும் போட்டு ஆவுடைத்தாய் வைத்த வெந்நீர் ஒரு செம்பு இருக்கும். பேச்சு நின்ற பிறகும் அது நிற்கவில்லை. அவர் கேட்டதில்லை. அவள் சொன்னதில்லை. எடுத்துக் குடித்துவிட்டு, செம்பைக் கவிழ்த்துவிட்டுப் போய்விடுவார். கேட்காமல் வைத்ததற்கு, சொல்லாமல் குடித்தவன், காலம் கடந்து சொல்கிற சொல் அது. சொல்லைத் தேடினேன், ஸாவின் பாஷையில் இல்லை, அதனால் நானே வைத்துக்கொண்டேன் என்றார். இதைச் சொல்லும்போது அவர் வினைச்சொல்லுக்குக் கண்ணால் கண்டதற்குரிய வாலைப் போட்டார்.

ஆவுடைத்தாய் அந்த வாலைப் பிடித்துக்கொண்டாள். நேராக அவரிடமே, கொஞ்சம் தடுமாறுகிற லுவாரியில், “கண்ணால் கண்டதா?” என்று கேட்டாள்.

கண்டேன், ஒவ்வொரு நாளும் கண்டேன் என்றார் அவர்.

அவள் முந்தானையால் முகத்தை ஒரு தரம் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். குத்தாலிங்கத்திடம், “அண்ணாச்சி, மழை வரும்போது வரும். டீச்சர் பக்கத்துல கை வச்சா நான் மண்டி வாசல்ல வந்து பாய விரிச்சிருவேன், ஆமா” என்றாள். சத்தம் போடவில்லை. பிறகு, வந்தவர்களை அப்படியே அனுப்பினால் நன்றாக இருக்காது என்று, எல்லாரையும் உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தாள். குத்தாலிங்கம் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்கும்போது, அந்தப் புதுச் சொல் என்ன, இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்கள் என்று கேட்டார். அவருக்கும் யாரிடமோ அதைச் சொல்ல வேண்டியிருந்தது போலிருக்கிறது.

உலகம்மாள் வழக்கம்போல ஒரு வாரம் அந்தச் சொல்லோடு இருந்தாள். இருந்தபோதுதான் தெரிந்தது, அதைச் சொல்லவேண்டிய ஆட்கள் அவளுக்கே எத்தனை பேர் என்று. அடுத்த சனிக்கிழமை அதற்கு ஒரு பக்கம் கட்டி, தேதிக்கு மேலே, சொன்னவர் சொரிமுத்து என்று ஒரு வரி சேர்த்தாள். அதற்குள் ஊர் அதைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தது. ஓடிவருகிறவர்களைப் பார்த்துப் பஸ்ஸை நிறுத்தி வைத்த டிரைவருக்கு மாவுலெ என்றார்கள், வெயிலில் நின்ற சைக்கிளை யாரோ நிழலுக்கு நகர்த்தி வைத்திருந்தால் நிழலைப் பார்த்து மாவுலெ என்றார்கள், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று தலைப்பின்னலைப் பாதியில் வாங்கி முடித்துவிட்ட அக்காவுக்குத் தங்கைகள் சொன்னார்கள், போய்ச் சேர்ந்த அப்பனுக்கு அமாவாசையன்று ஆற்றில் நின்று பிள்ளைகள் சொன்னார்கள், வரப்பை ஒரு சாண் விட்டுக்கொடுத்த பங்காளிக்கு, அவன் விட்டுக்கொடுத்ததை மறந்தே போன பிறகு, மற்றப் பங்காளி வந்து சொன்னான். கார்த்திகை பிறந்து மழை வந்தது. தாமதமாக வந்ததே என்று திட்டாமல், அதற்கும் மாவுலெ என்றது ஊர்.

தை மாதம் முடிகிற சமயத்தில் சொரிமுத்துவுக்குத் தமிழ் திரும்பியது. போனமாதிரி ஒரே தூக்கத்தில் வந்துவிடவில்லை, வெளியூர் போன மாடு இருட்டுவதற்குள் கொட்டிலுக்கு வருகிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாக வந்து சேர்ந்தது. அவரே உலகம்மாள் வீட்டுக்கு வந்து தமிழில் அதைச் சொன்னார். அவளுக்குச் சந்தோஷத்தோடு ஒரு ஓரத்தில் வலிக்கவும் செய்தது. அவர் அதைக் கவனித்திருக்க வேண்டும். மண்டிக்குத் தமிழ், வீட்டுக்கு லுவாரி, நானும் அவளும் அப்படித்தான் பேசி முடிவு பண்ணியிருக்கிறோம் டீச்சர் என்றார்.

சித்திரையில் செண்பகவல்லி பிரசவத்துக்கு வந்தாள். அப்பாவும் அம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்து, தனக்குத் தெரியாத பாஷையில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, கையில் இருந்த பையைக் கீழே வைக்காமலே நெடுநேரம் நின்றாளாம். பெண் குழந்தை பிறந்தது. கொஞ்ச நாள் கழித்து அவளே பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு உலகம்மாளிடம் வந்தாள்.

“அத்தை, இவளுக்கு ஒங்க பாஷையில ஒரு பேர் வேணும்.”

உலகம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. லுவாரியில் தண்ணீருக்குச் சொல் இருந்தது, பசிக்கு இருந்தது, ஜன்னல் வழியாக வருகிற வேப்பங்காற்றுக்கு இருந்தது, ஆனால் மனிதர்களுக்கு ஒரு பெயர்கூட இல்லை. கூப்பிட யாரும் இல்லாத இடத்தில் பிறந்த பாஷைக்குப் பெயர் தேவைப்பட்டிருக்கவில்லை.

ஒரு வாரம் கொடு என்றாள். அந்த வாரம் முழுக்கக் குழம்பு கொதிக்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் ஒரு பெயரை மனசுக்குள் கூப்பிட்டுப் பார்த்தாள். வாய்க்கு இதமாக இருக்கிறதா, தெருக்கோடியிலிருந்து கூப்பிட்டால் கேட்குமா, கோபத்தில் கூப்பிட்டாலும் குழந்தைக்கு நோகாமல் இருக்குமா என்றெல்லாம் பார்த்தாள். சனிக்கிழமை துணி துவைத்துக் காயப் போட்டாள். ஆனால் கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சொரிமுத்து வீட்டுக்குப் போய், குழந்தையை வாங்கி மடியில் வைத்து, அதன் காதில் மெல்லச் சொன்னாள். பிள்ளை தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது.

அந்தப் பெயருக்கு அவள் பக்கம் கட்டவில்லை. அது என்ன பெயர் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் பூவாணிப்பேரிக்குத்தான் போக வேண்டும். சாயங்காலம் மண்டித் தெருவில், விளையாட்டை விட்டு வர மனமில்லாத ஒரு சிறுமியை, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கிற குரலில் ஒரு தாத்தா கூப்பிட்டுக்கொண்டிருப்பார்.